மைக்ரோஸ்போரிடியா யார் வீட்டுப் பிள்ளை?

பட்டுப்புழுவுக்குப் பெப்ரின் என்றொரு நோய் உண்டு. உடம்பில் கரும்புள்ளிகள் விழும், புழு சரியாக இரையெடுக்காது, தோலுரிப்பது தள்ளிப்போகும். பல புழுக்கள் கூடு கட்டும் முன்பே செத்துவிடும். தாய்ப்பூச்சிக்கு நோய் இருந்தால் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சின் பட்டுத் தொழிலை இது படுக்கவைத்தது. 1865இல் லூயி பாஸ்டர் அலெஸ் என்ற ஊருக்குப் போய், சில ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டி, ஒரு வழி கண்டுபிடித்தார். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; நோய்வித்து தெரிந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். இந்தியாவில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இன்றைக்கும் அடிப்படையில் இதே சோதனைதான்.

நோயைத் தடுக்கும் வழி கிடைத்துவிட்டது. நோயை உண்டாக்கும் அந்த ஒருசெல் உயிரி எந்த இனம் என்பது மட்டும் தெளியவில்லை. 1857இல் அதற்கு நொசீமா பாம்பிசிஸ் என்று பெயர் வைத்த கார்ல் நேகெலி ஒரு தாவரவியலாளர். பாக்டீரியாவையும் ஈஸ்டையும் அக்காலத்தில் ஒன்றாகப் போட்டுவைத்திருந்த கூட்டத்தில் அவர் இதையும் சேர்த்தார். 1882இல் பால்பியானி இதற்கென்று மைக்ரோஸ்போரிடியா என்ற தனிப் பிரிவை உண்டாக்கினார். பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, மலேரியா ஒட்டுண்ணிக்குப் பக்கத்தில், வித்து உண்டாக்கும் புரோட்டோசோவாக்களில் ஒன்றாக அது பாடநூல்களில் இருந்தது. 1987இல் மரபணுத் தரவு வந்து மிக உறுதியாக வேறொரு விடை சொன்னது. அந்த விடை தவறு. தவறு என்று காட்டியதும் மரபணுத் தரவுதான். ஒருசெல் உயிரிகளின் உறவுமுறையை மரபணுக்களை வைத்து எப்படிக் கண்டறிகிறார்கள் என்று புரிந்துகொள்ள, சரியாக அமைந்த ஆய்வுகளைவிட இந்தக் குழறுபடிதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம். மைக்ரோஸ்போரிடியா இன்னொரு உயிரியின் செல்லுக்குள் மட்டுமே பெருகும். வெளியே இருப்பது அதன் வித்து மட்டும்தான். பெரும்பாலும் சில மைக்ரான் நீளம், கைட்டின் கலந்த கெட்டியான சுவர். உள்ளே ஒரு நுண்குழாய் சுருள் சுருளாகச் சுற்றிக் கிடக்கும். தகுந்த இடம் கிடைத்ததும் வித்துக்குள் அழுத்தம் ஏறி, குழாய் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டு பாய்ந்து அண்டைச் செல்லைத் துளைக்கும். வித்தின் உள்ளடக்கம் முழுவதும் அந்தக் குழாய் வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் இரண்டு வினாடிக்குள். பூச்சி, மீன், இறால், தேனீ, மனிதன் என்று எந்த விலங்கையும் விட்டுவைக்காத இந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இலங்கையில் ஒரு கருவிழிப் புண்ணில் கிடைத்து 1973இல் விவரிக்கப்பட்ட ஒன்றுக்கு மைக்ரோஸ்போரிடியம் சிலோனென்சிஸ் என்றே பெயர்.

இத்தனை நுட்பமான எந்திரத்தை வைத்திருக்கும் உயிரியிடம், மற்ற செல்களில் சாதாரணமாகக் காணப்படும் பல உறுப்புகள் இல்லை. சாட்டையிழை இல்லை, பெராக்சிசோம் இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடியவர்களுக்கு, செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் தென்படவில்லை. புரதம் செய்யும் ரைபோசோம்கூட அளவில் பாக்டீரியாவினுடையதுபோலச் சிறியது. ஆனால் உட்கரு இருக்கிறது. எலும்பும் பல்லும் பூவும் காயும் உள்ள உயிரிகளை ஒப்பிட்டு உறவு சொல்லிவிடலாம். ஒருசெல் உயிரியில் ஒப்பிட அதிகம் இல்லை. இருப்பதும் ஏமாற்றும். ஓர் உறுப்பு இல்லை என்றால், அது ஒருபோதும் இருந்ததே இல்லையா, இருந்து தொலைந்ததா? நுண்ணோக்கியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பதிலுக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் ஊஸ். உயிரிகளின் மூலக்கூறுகளே அவற்றின் பரிணாம வரலாற்றுக்கு ஆவணம் என்ற கருத்தை 1965இலேயே சுக்கர்காண்டலும் பாலிங்கும் முன்வைத்திருந்தார்கள். எந்த மூலக்கூறைப் படிப்பது என்பதுதான் கேள்வி. ஊஸ் ரைபோசோமின் சிறு துணையலகில் உள்ள ஆர்.என்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தார். புரதம் செய்யாத செல் கிடையாது, எனவே இது எல்லா உயிரிகளிலும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே வேலை. செல்லில் ஏராளமாகக் கிடைக்கும். அதன் நீளத்தில் சில பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஏறத்தாழ மாறாமல் இருக்கின்றன, சில பகுதிகள் விரைவாக மாறுகின்றன. ஆகவே நெருங்கிய உறவையும் தூரத்து உறவையும் ஒரே மூலக்கூறில் அளக்கலாம்.

முழு வரிசையையும் நேராகப் படிக்கும் வசதி அன்று இல்லை. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய ஆர்.என்.ஏ.வை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைப் பிரித்து, எக்ஸ்ரே படலத்தில் விழும் புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஊஸ் ஆண்டுக்கணக்கில் அந்தப் படலங்களின் முன் உட்கார்ந்திருந்தார். 1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்சும் வெளியிட்ட முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிரிகள் பார்வைக்கு பாக்டீரியா, ஆர்.என்.ஏ.வைப் பார்த்தால் பாக்டீரியாவுக்கும் நமக்கும் உள்ள அளவுக்குத் தூரத்தில் நிற்கின்றன. இன்று ஆர்க்கியா என்று அழைக்கும் மூன்றாவது பெரும்பிரிவு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

வரிசைகளை வைத்து உறவு சொல்லும் முறை தமிழ்ப் பதிப்பாளர்களுக்குப் புதியதல்ல. ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகள் கிடைத்தால், எந்தெந்தப் பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிழை பொதுவாக இருந்தால், அந்தப் பிரதிகள் ஒரே தாய்ப்பிரதியைப் பார்த்து எழுதப்பட்டவை. பிரதி எடுக்க எடுக்கப் பிழை சேரும், சேர்ந்த பிழை வம்சாவளியைக் காட்டிக்கொடுக்கும். மரபணுவிலும் வேலை இதுவே. ஒரே மரபணுவைப் பல உயிரிகளிலிருந்து எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத்துக்கு எழுத்து பொருத்தி வைத்து, மாறுதல்களை எந்தக் கிளைமரம் இயல்பாக விளக்குகிறது என்று தேட வேண்டும். தேடுவது சாதாரண வேலையல்ல. பத்து உயிரிகளை இணைக்கும் மரங்கள் மட்டுமே இருபது லட்சத்துக்கும் மேல் சாத்தியம். இருபது உயிரிகள் என்றால் அந்த எண் 2-க்குப் பின்னால் இருபது சைபர். எல்லா மரங்களையும் பார்த்து முடிக்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. நிகழ்தகவுக் கணக்கு வைத்து நல்ல மரங்கள் இருக்கும் பக்கமாகத் தேடிப் போவதுதான் வழி.

ஆனால் சுவடிக்கும் மரபணுவுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. தமிழில் 247 எழுத்து. தொடர்பே இல்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தவறான எழுத்தைத் தற்செயலாக எழுதுவது அபூர்வம். மரபணுவில் நாலே எழுத்து. ஓர் இடத்தில் எழுத்து மாறினால் மீதி இருப்பது மூன்று வாய்ப்பு. இரண்டு கிளைகள் மிக வேகமாக மாறிக்கொண்டிருந்தால், எந்தத் தொடர்பும் இல்லாமலே பல இடங்களில் அவை ஒரே எழுத்தில் வந்து நிற்கும். கணக்குப் போடுபவர் அதைப் பொதுவான பிழை என்று எடுத்துக்கொண்டால், பிழை மலிந்த இரண்டு பிரதிகளை உடன்பிறப்பு என்று சொல்லிவிடுவார். 1978இல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் இதைக் கணிதமாகவே நிறுவினார். மாற்றங்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக வரும் மரமே சரியான மரம் என்று கொள்ளும் முறையில், சில சூழ்நிலைகளில் தரவு கூடக் கூடத் தவறான மரத்தின் மேல் நம்பிக்கைதான் கூடும். மரத்தில் நீண்ட கோடுகளாக வரும் வேகக் கிளைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் இதற்கு நீள்கிளை ஈர்ப்பு என்று பெயர். கட்டுரை வெளிவந்துவிட்டது. அதன் முழு வலியும் உயிரியலில் உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் 1983இல் இங்கிலாந்தின் தாமஸ் கவாலியர்-ஸ்மித் ஒரு துணிச்சலான கருதுகோளை வைத்தார். மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா என்பது அதற்குள் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. அப்படியானால் அந்தப் பாக்டீரியா உள்ளே குடியேறும் முன்பே உட்கருவோடு இருந்த செல்கள் உண்டல்லவா? அவற்றின் நேர் வாரிசுகள் இன்றும் நம்மிடையே இருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா இல்லாத மைக்ரோஸ்போரிடியா, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியா, டிரைகோமோனாஸ், சீதபேதி உண்டாக்கும் என்டமீபா ஆகியவற்றின் கூட்டங்களை அவர் ஆர்கிசோவா என்ற பெயரில் ஒன்றாக்கினார். இந்தக் கருதுகோள் பின்னால் விழுந்துவிட்டது என்பதற்காக அதை ஏளனம் செய்வது எனக்கு ஒப்பாது. சோதித்துப் பார்க்கும்படி தெளிவாக வைக்கப்பட்ட கருத்து அது. அவர் சொன்னது சரியென்றால், மரபணு மரத்தில் இவை அடிவேரை ஒட்டிப் பிரிய வேண்டும்.

பிரிந்தன. 1987இல் வோஸ்பிரிங்க், ஊஸ் உள்ளிட்ட குழு, வைரிமார்ஃபா நெகாட்ரிக்ஸ் என்ற மைக்ரோஸ்போரிடியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையை வெளியிட்டது. உட்கரு உள்ள உயிரிகளில் பொதுவாக 1,800 எழுத்து அளவில் இருக்கும் அந்த மூலக்கூறு இதில் சுமார் 1,250தான். மரத்தில் அது எல்லோருக்கும் முன்னால், தனியாகப் பிரிந்து நின்றது. 1989இல் ஜியார்டியாவுக்கும் அதே இடம் கிடைத்தது. நுண்ணோக்கி ஒன்று சொல்கிறது, மரபணு தனியாக அதையே சொல்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாடநூல்கள் திருத்தப்பட்டன.

இரண்டு சாட்சிகளும் தனித்தனி என்று நினைத்ததுதான் கோளாறு. செல்லுறுப்புகளை இழந்ததும் மரபணு வேகமாக மாறியதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். ஒட்டுண்ணி வாழ்க்கையில் தேவையில்லாதது உதிர்கிறது. பல மரபணுக்களின் மேல் இருந்த கட்டுப்பாடு தளர்ந்து எழுத்துகள் வேகமாக மாறுகின்றன. மரத்துக்கு வேர் எங்கே என்று காட்ட ஆர்க்கியாவையோ பாக்டீரியாவையோ வெளியாளாகச் சேர்ப்பது வழக்கம். அந்த வெளியாளும் வெகுதூரத்தில் இருப்பதால் அதுவும் ஒரு நீண்ட கிளை. வேகமாக மாறிய எந்த ஒட்டுண்ணியும் அந்த நீண்ட கிளையை நோக்கி இழுபடும். அதாவது மரத்தின் அடிக்குப் போய்விடும். அடியில் இருப்பதைப் பார்த்துப் பழமையானது என்கிறோம். உண்மையில் அது வேகமாக ஓடிய ஒரு புது ஆள்.

சந்தேகம் 1996இல் கிளம்பியது. செல்லின் எலும்புக்கூடுபோல இயங்கும் டியூபுலின் புரதங்களின் மரபணுக்களை இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் படித்தன. பீட்டா டியூபுலினை எட்லிண்ட் குழு பார்த்தது, ஆல்ஃபா டியூபுலினைக் கீலிங்கும் டூலிட்டிலும் பார்த்தார்கள். இரண்டிலும் மைக்ரோஸ்போரிடியா மரத்தின் அடியில் இல்லை, பூஞ்சைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. உடனே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. டியூபுலின் மரம்தான் ஏமாற்றுகிறது, பூஞ்சைகளின் டியூபுலினும் வேகமாக மாறியது என்றும் வாதிட இடம் இருந்தது. எதிர்வாதம் நியாயமானதுதான்.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். இ.எஃப்.-1 ஆல்ஃபா என்ற புரதத்தின் வரிசையை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் மரம் போட்டார்கள். மைக்ரோஸ்போரிடியா மிகத் தொன்மையானது என்று அது பழைய முடிவையே ஆதரித்தது. ஆனால் அந்தப் புரதத்தின் நடுவே, விலங்குகளிலும் பூஞ்சைகளிலும் மட்டும் இருப்பதாக அறியப்பட்டிருந்த சுமார் ஒரு டஜன் அமினோ அமிலங்கள் கொண்ட செருகல் மைக்ரோஸ்போரிடியாவிலும் இருந்தது. தனித்தனி எழுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், திரும்பவும் வரலாம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி நீளச் செருகல் இரண்டு முறை தனித்தனியாக நுழைவது அரிது. ஆக ஒரே மரபணு இரண்டு சாட்சி சொன்னது. எழுத்து மாற்றங்களை எண்ணினால் தொன்மை. செருகலைப் பார்த்தால் பூஞ்சைக்கும் விலங்குக்கும் பங்காளி. இதில் எதை நம்புவது என்று எந்தக் கணினியும் சொல்லாது. மாற்றங்கள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு சரிவு வேகமானது. 1997இல் மைட்டோகாண்ட்ரியாவோடு வந்த வகையைச் சேர்ந்த எச்.எஸ்.பி.70 மரபணு மைக்ரோஸ்போரிடியாவின் உட்கருவிலேயே கண்டெடுக்கப்பட்டது. குடியிருந்தவர் போய்விட்டாலும் அவர் கொண்டுவந்த மரபணு வீட்டில் கிடக்கிறது என்றால், அவர் ஒரு காலத்தில் குடியிருந்தார் என்றுதானே பொருள். 1999இல் மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. செய்யும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேசின் பெரிய துணையலகு, கவனமான கணக்கு மாதிரியோடு பார்த்தபோது, பூஞ்சை உறவைக் காட்டியது. 2000இல் வான் டி பீயர் குழு ரைபோசோமின் பெரிய துணையலகு ஆர்.என்.ஏ.வையே எடுத்து, இடத்துக்கு இடம் மாறும் வேகத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. மைக்ரோஸ்போரிடியா பூஞ்சைகளிடம் வந்துவிட்டது. பழைய விடையைத் தந்த அதே வகை மூலக்கூறு, கணக்கைத் திருத்தியதும் புதிய விடையைத் தந்தது. 2002இல் வில்லியம்ஸ், ஹிர்ட், எம்ப்ளி முதலியோர் ஒருபடி மேலே போய், எச்.எஸ்.பி.70-க்கு எதிரான ஆன்டிபாடிகளை வைத்துத் தேடி, மைக்ரோஸ்போரிடியாவின் செல்லுக்குள் இரட்டைச் சவ்வு போர்த்திய மிகச் சிறிய பைகளைக் கண்ணால் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மிச்சம் அது. மைட்டோசோம் என்கிறார்கள். முன்பு தேடியவர்கள் கண்ணுக்கு அது தப்பியதில் வியப்பில்லை. என்ன தேடுகிறோம், எங்கே தேடுகிறோம் என்று மரபணு சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆர்கிசோவாவின் மற்ற உறுப்பினர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். என்டமீபாவில் மைட்டோகாண்ட்ரியா வழி மரபணுக்கள் 1995இலேயே கிடைத்தன. டிரைகோமோனாசில் ஹைட்ரஜன் உண்டாக்கும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியாவின் உருமாற்றம் என்று தெரிந்தது. ஜியார்டியாவின் மைட்டோசோம் 2003இல் வெளிப்பட்டது. 2016இல் மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற குடல்வாழ் உயிரியில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவடே இல்லை என்று காட்டியபோதும் பழைய கருதுகோள் உயிர்பெறவில்லை. அதன் நெருங்கிய உறவினர்களிடம் மைட்டோகாண்ட்ரியாவின் மிச்சங்கள் இருக்கின்றன. எனவே இது முழுவதுமாகத் தொலைத்தது என்றே பொருள். அந்த உறுப்பு செய்துவந்த இரும்பு-கந்தகக் கொத்துகள் கட்டும் வேலைக்கு, பாக்டீரியாவிடமிருந்து வந்த வேறொரு மரபணுத் தொகுதியை அது வைத்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அறிவியல் செய்திகளில் மரம் வரும்போது கிளைகளின் மேல் 98, 100 என்று எண்கள் போட்டிருக்கும். 1985இல் ஃபெல்சன்ஸ்டைனே இந்தத் துறைக்குக் கொண்டுவந்த முறை அது. பொருத்தி வைத்த தரவின் நெடுவரிசைகளைக் குலுக்கி, சில திரும்ப வரும்படியும் சில விடுபடும்படியும் எடுத்து, மீண்டும் மீண்டும் மரம் போட்டு, அந்தக் கிளை நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார்கள். 100 என்று கண்டதும் நூறு சதவீதம் உண்மை என்று படித்துவிடுகிறோம். அந்த எண் சொல்வது அதுவல்ல. இந்தத் தரவு, இந்தக் கணக்கு முறை, இரண்டும் சேர்ந்தால் இதே விடைதான் திரும்பத் திரும்ப வரும் என்று மட்டுமே அது சொல்கிறது. முறையிலேயே சாய்வு இருந்தால், தவறான விடையும் நூறு முறை வரும். ஒரு மரபணுவுக்குப் பதிலாக இருநூறு மரபணு சேர்த்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். தற்செயல் பிழை குறையும், சாய்வு அப்படியே நிற்கும். கொடுப்பது என்னவோ கூடுதல் உறுதி. ஆகவே இப்போது நல்ல ஆய்வுக்குழுக்கள் மரம் வந்ததும் அதை உடைக்கப் பார்க்கின்றன. வேகமாக மாறும் இடங்களை நீக்கிவிட்டுப் போடுகிறார்கள். நீண்ட கிளையை நடுவில் முறிக்கும்படி இடைப்பட்ட உறவினர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். புரதத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் எந்தெந்த அமினோ அமிலம் பொருந்தும் என்பது வேறு வேறு என்று கொள்ளும் மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். அத்தனைக்கும் கலங்காமல் நிற்கும் கிளைக்குத்தான் மதிப்பு.

மைக்ரோஸ்போரிடியாவின் மரபணுத்தொகுதி இன்னொரு வகை ஏமாற்றையும் காட்டியது. என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற இனத்தின் தொகுதி 2001இல் வெளிவந்தது. மொத்தம் 29 லட்சம் எழுத்து, சுமார் 2,000 மரபணு. பாக்டீரியாவான ஈ.கோலைக்கே 46 லட்சம் எழுத்து உண்டு, ஈஸ்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம். அதாவது பாக்டீரியாவைவிடச் சிறிய தொகுதியோடு ஓர் உட்கரு உயிரி நடமாடுகிறது. சுயமாக ஆற்றல் உண்டாக்கும் வசதி குறைந்துபோனதால், குடியிருக்கும் செல்லிலிருந்து அதன் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை உறிஞ்சி வாழ்கிறது. அந்த உறிஞ்சுகுழல் புரதத்தின் மரபணு பாக்டீரியாவிலிருந்து பக்கவாட்டில் வந்தது. செல்லுக்குள் வாழும் கிளமிடியா வகைப் பாக்டீரியாக்களிடமும் இதே புரதம் இருக்கிறது. இந்த ஒரே மரபணுவை வைத்து மரம் போட்டால் மைக்ரோஸ்போரிடியா பாக்டீரியாக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். அந்த மரம் பொய்யல்ல, அந்த மரபணுவின் வரலாறு அதுதான். உயிரியின் வரலாறு வேறு. ஒருசெல் உயிரிகளிடம் இப்படிக் கடன் வாங்கிய மரபணு நிறைய. எந்த மரபணு பெற்றோர் வழி வந்தது, எது வழியில் சேர்ந்தது என்று முதலில் பிரிக்காமல் கூட்டி வைத்துக் கணக்குப் போட்டால், கலப்படமான விடைதான் கிடைக்கும்.

சரி, பூஞ்சை என்றால் எங்கே நிற்கிறது? நீர்ப்பூஞ்சைகளின் செல்லுக்குள் வாழும் ரோசெல்லா என்ற உயிரியின் அருகே என்று 2006 முதல் ஆய்வுகள் காட்டுகின்றன. பூஞ்சை மரம் முதன்முதலில் கிளைவிட்ட இடத்தை ஒட்டிய பகுதி அது. 2014இல் நீர்த்தெள்ளுப்பூச்சியில் விவரிக்கப்பட்ட மைட்டோஸ்போரிடியம் இன்னும் சுவையானது. மைக்ரோஸ்போரிடியாவின் நெருங்கிய சொந்தம். வித்தில் அதேபோன்ற குழாய் அமைப்பு. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத்தொகுதியை இன்னும் கைவிடவில்லை. இழப்பு படிப்படியாக நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடைநிலை கிடைப்பது கடினம். இவற்றைப் பூஞ்சை என்றே சொல்வதா, பூஞ்சைகளின் ஒன்றுவிட்ட சொந்தம் என்பதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கோட்டை எங்கே கிழிப்பது என்ற பங்கு பிரிக்கும் சண்டை அது, எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. வேடிக்கை ஒன்று உண்டு. பூஞ்சைகளின் பெயரிடல் தாவரவியல் வழிவந்த விதித்தொகுப்பின் கீழ் வருகிறது. மைக்ரோஸ்போரிடியாவை மட்டும் அதிலிருந்து விலக்கி, பழையபடி விலங்கியல் விதிகளுக்கே விட்டுவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பெயர்களை மாற்றும் தலைவலி யாருக்கு வேண்டும்?

முப்பது ஆண்டுக்கு முன் நடந்த சண்டையின் அதே வடிவம் இன்று வேறொரு களத்தில் நடக்கிறது, பந்தயம் இன்னும் பெரியது. 2015இல் சுவீடனின் உப்சாலாவில் தைஸ் எட்டெமாவின் குழு, ஆர்க்டிக் நடுக்கடல் முகட்டில் லோகி கோட்டை என்ற வெந்நீர்த் துளைகளுக்கு அருகே, 3,000 மீட்டருக்கும் கீழான சேற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்தது. செல்லைப் பார்க்கவில்லை, வளர்க்கவில்லை. சேற்றில் கலந்துகிடந்த துண்டுகளைக் கணினியில் ஒட்டவைத்து ஒரு மரபணுத்தொகுதியை உருவாக்கினார்கள். அது ஓர் ஆர்க்கியா. ஆனால் செல்லின் சட்டகத்துக்கும் சவ்வைக் கிள்ளிப் பிரிக்கவும் உட்கரு உயிரிகள் பயன்படுத்தும் மரபணுக்களின் உறவுகள் அதில் இருந்தன. அந்தக் கூட்டத்துக்கு இன்று ஆஸ்கார்டு ஆர்க்கியா என்று பெயர். மரம் போட்டதில், உட்கரு உள்ள உயிரிகள் அனைத்தும், நாமும் சேர்த்து, ஆர்க்கியாவுக்குள்ளிருந்தே கிளைவிட்டதாகத் தெரிந்தது. ஊஸ் காட்டிய மூன்று பெரும்பிரிவுகளில் ஒன்று மற்றொன்றின் கிளையாகிவிடும்.

2017இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பாட்ரிக் ஃபோர்ட்டேர் குழு மறுத்தது. வேகமாக மாறும் சில புரதங்கள் மரத்தை இழுக்கின்றன, சேற்றிலிருந்து ஒட்டிய தொகுதியில் கலப்படம் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். மைக்ரோஸ்போரிடியா கதை தெரிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்த முடியாது. கலப்படச் சந்தேகத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். தங்கள் கடலில் 2,500 மீட்டர் ஆழத்து வண்டலிலிருந்து ஓர் ஆஸ்கார்டு ஆர்க்கியாவைப் பன்னிரண்டு ஆண்டு பொறுமையாக வளர்த்து 2020இல் வெளியிட்டார்கள். அரை மைக்ரான் அளவுள்ள உருண்டை, வெளியே நீளும் கைகள். தொகுதி முழுமையாகவே ஒரே உயிரியினுடையது. 2023இல் இன்னும் பல இனங்களைச் சேர்த்து, வேக இடங்களை நீக்கி, அமினோ அமிலங்களைக் குழுக்களாகச் சுருக்கி என்று எல்லா வகையிலும் மரத்தை அலசிய ஓர் ஆய்வு, நாம் ஆஸ்கார்டுக்குள்ளிருந்து கிளைத்தவர்கள் என்றே முடித்தது. என் பார்வையில் இப்போதைக்குச் சாட்சி அந்தப் பக்கமே கனமாக இருக்கிறது. ஆனால் கேள்வி ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டு ஆழத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஏறத்தாழ எல்லாக் கிளையும் நீள்கிளைதான்.

இதெல்லாம் வம்சாவளி ஆராய்ச்சி, நடைமுறைக்கு என்ன என்று கேட்பவர்கள் நம் கடலோர இறால் பண்ணைகளைப் பார்க்கலாம். இ.எச்.பி. என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் நோய்க்குக் காரணம் என்டெரோசைட்டோசூன் ஹெப்பட்டோபெனியை என்ற மைக்ரோஸ்போரிடியா. தாய்லாந்தில் 2009இல் விவரிக்கப்பட்டு, பின்பு ஆந்திரா, தமிழ்நாடு வரை பரவியிருப்பது உறுதியானது. இறால் கூட்டமாகச் செத்து மிதக்காது. வளர்ச்சி நின்றுவிடும், ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும், தீவனச் செலவு ஏறிக்கொண்டே போகும். வித்து மிகச் சிறியது என்பதால் நுண்ணோக்கியில் பிடிப்பது சிரமம், பி.சி.ஆர். சோதனைதான் வழி. முதலில் பரவிய சோதனை, 1987இல் எல்லோரையும் ஏமாற்றிய அதே ரைபோசோம் சிறு துணையலகு மரபணுவைத் தேடியது. அந்த மரபணு நெருங்கிய உறவினர்களிடையே பெரிதாக மாறுபடாததால், நண்டிலும் மீனிலும் வாழும் வேறு மைக்ரோஸ்போரிடியாக்களையும் இ.எச்.பி. என்று காட்டிவிடும் ஆபத்து இருந்தது. நோயில்லாத குஞ்சையும் பண்ணைக்காரர் நிராகரிக்க நேரலாம். 2016இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் வித்துச் சுவர்ப் புரதத்தின் மரபணுவுக்கு மாறினார்கள். உறவினர்களிடையே வேறுபாடு அதிகம் உள்ள மரபணு அது. எனவே சோதனை இந்த இனத்தை மட்டும் பிடிக்கிறது. பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கும்போது, சோதனை செய்தாயிற்று என்ற பதிலோடு நிற்காமல் எந்த மரபணுவை வைத்துச் செய்தார்கள் என்றும் கேட்பது நல்லது.